பாலத்துக்கு யார் எஃப்.சி. எடுப்பது?

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் அண்ணன்களைக் கேளுங்கள். எஃப்.சி. தேதி நெருங்கினால் தூக்கம் வராது. பிரேக், லைட், டயர், ஹாரன்... ஒன்று சொதப்பினாலும் வண்டி மறுபடி பட்டறைக்கு! சரி, அந்த லாரி முழு லோடோடு ஏறிப் போகிறதே பாலம், அதுக்கு எஃப்.சி. யார் எடுக்கிறது?

எடுக்கிறார்கள் சார். மகாராஷ்டிராவில் மகாட் பக்கம், சாவித்ரி ஆற்றின் வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் 2016 ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு பஸ்கள் பயணிகளோடு போய்விட்டன. அந்த அக்டோபரிலேயே மத்திய அரசு பாலங்களுக்குக் கணக்கெடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம், ஆர்.டி.ஓ. எல்லை எல்லாம் அடங்கிய நம்பர்கூட உண்டு. லாரி மாதிரியேதான்!

அமெரிக்காக்காரன் பாடம் படித்தது 1967-ல். ஒஹையோ ஆற்றுப் பாலம் விழுந்து 46 பேர் போன பிறகுதான் நாடு முழுக்க ஒரே மாதிரி சோதனை வந்தது. பிறகு பாலத்துக்கு நூற்றுக்கு மார்க் போட்டார்கள். உடம்பு பலத்துக்கு 55. அகலமும் உயரமும் இன்றைய வண்டிகளுக்குப் போதுமா என்பதற்கு 30. மிச்சம் 15 மார்க்தான் விஷயம்: இது ஜனங்களுக்கு எவ்வளவு அவசியம்? மூடினால் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்?

நம்மூரில் கேட்டுப் பார்ப்போமா? சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தை ஒரு வாரம் மூடினால், கீழே ரோடு இருக்கிறது. திட்டிக்கொண்டே ஊர்ந்து போய்விடலாம். மோகனூர் - வாங்கல் காவிரிப் பாலத்தை மூடினால்? எதிர்க்கரை கண்ணெதிரே தெரியும். ஆனால், வண்டி பரமத்தி வேலூர் போய்ச் சுற்றி வரவேண்டும். பிரசவ வலியோடு ஒரு பெண் வண்டிக்குள் இருந்தால்..?

ஆகவே, ரிப்பேர் வரிசையில் எது முதலில் என்பதை பெயின்ட் பளபளப்பு தீர்மானிக்கக் கூடாது. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டமும் தீர்மானிக்கக் கூடாது. 'இது இல்லாவிட்டால் இவர்களுக்கு வேறு வழி உண்டா?' என்ற கேள்விக்கும் மார்க் வேண்டும்.

திருச்சி கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாய்ந்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, வண்டிகளை 2016-லேயே அங்கே மாற்றிவிட்டார்கள். இதுதான் சார் பராமரிப்பு!

கடைசியாக, பர்மிட்டைத் தாண்டி லோடு ஏற்றும் அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லாரிக்கு ஹாரன் இருக்கிறது. பாலத்துக்கு இல்லை. விழப்போவதைச் சொல்லிவிட்டு விழாது!