யாரைக் கண்டு சிரிக்கிறோம்?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் அண்மையில் ஒருவரே பல வேடம் புனைந்து நடித்த நகைச்சுவை நாடகமொன்றைக் கண்டோம். தோட்டத் தமிழனின் பேச்சையும் குடியையும் அறியாமையையும் அவர் நடித்துக் காட்டியபொழுது மண்டபமே அதிர்ந்தது. நாமும் சிரித்தோம். பக்கத்திலிருந்த முதியவர், இளமை முதல் பால்மரம் சீவியவர், தலைகுனிந்திருந்தார். நம் சிரிப்பு நமக்கே வெட்கமாயிற்று.

“நகைச்சுவையிற் குற்றம் காணலாமா?” என்பர் சிலர். காணத்தான் வேண்டும்! கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் சிரிக்க வைத்தவர்தாமே? 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். கிந்தனோ கல்வியை நாடினான். அங்கே நகைப்புக்கு இலக்கானது தாழ்த்தப்பட்ட சிறுவனன்று. அவனைத் தாழ்த்திய சாதித் திமிரே.

தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, ஒரு கையாற் கொடுத்த கூலியை மறு கையாற் பறித்த அக்கால நிர்வாகங்களை இந்நடிகர் ஏன் நடித்துக் காட்டவில்லை? குடித்தவன் வேடிக்கையாம், குடிக்க வைத்தவன் மேடைக்கே வரவில்லையாம்! இது என்ன நியாயம்?

தோழர்களே! சீட்டுக்குக் காசு கொடுப்பவர் நாம். நாம் கைதட்டுவதையே மேடை மறுநாளும் தரும். ஆதலின், அடுத்த முறை சிரிக்குமுன் பக்கத்து நாற்காலியைப் பாருங்கள்.