பில் இல்லாத செலவு

வன்னியில் வோர்ஃபரின் குளிசை இலவசம். அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் கொப்பியைக் காட்டினால் தருவார்கள். ஆனால் அதை விழுங்குபவரின் உயிர் குளிசையில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையிலும் தங்கியிருக்கிறது. பெரும்பாலானோருக்கு அந்த எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் இரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம். கூடினால் மூளைக்குள்ளேயே இரத்தக்கசிவு. ஒரு கிழமை முருங்கையிலையைக் கூடுதலாகச் சாப்பிட்டாலே எண் இறங்கக்கூடும். ஆகவே திரும்பத் திரும்ப அளக்கவேண்டும்.

அந்த அளவையின் விலை என்ன? கொக்கிளாயிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் மாவட்ட வைத்தியசாலைக்கு வருபவருக்கு அது பஸ் காசு, தன்னுடைய ஒருநாட் கூலி, துணைக்கு வருபவரின் கூலி. ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள் தீர்ந்திருந்தால், 'வெளியில் செய்துகொண்டு வாருங்கள்' என்று ஒரு துண்டு. 2022இன் நெருக்கடியில் நாடு முழுவதுமே இந்தத் துண்டுகளைக் கண்டது. அவற்றின் கூட்டுத்தொகையை எந்த ஆண்டறிக்கையிலும் நான் கண்டதில்லை. பில் இல்லை என்பதால் செலவும் இல்லை என்றாகிவிடுமா?

அமெரிக்காவின் மருத்துவப் பில் முறையைப் புகழ நான் வரவில்லை. காப்புறுதி இல்லாதவனைக் கடனாளியாக்கும் முறை அது. ஆனால் இந்தப் பரிசோதனைக்கு அங்கே 85610 என்று ஓர் இலக்கம் உண்டு. முடிவைப் பார்த்து மருந்தின் அளவைத் திருத்தும் வேலைக்கு 2018 முதல் 93793 என்று இன்னோர் இலக்கம். உலோக வால்வு பொருத்தியவர்கள் வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்த்துக்கொள்ள 2002இல் மெடிக்கெயர் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2008இல் அதை வேறு நோயாளருக்கும் விரித்தது. இலக்கம் இட்டதால் எண்ண முடிந்தது. எண்ணியதற்கே காசு ஒதுக்கப்பட்டது.

'பரிசோதனையே வேண்டாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே' என்பார்கள். உலோக வால்வுக்காரருக்கு அவை உதவா. வாதக்காய்ச்சலால் வால்வு பழுதாகி இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கும் வோர்ஃபரின் வகை மருந்தே மேல் என்பதை 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வாதக்காய்ச்சல் வறுமையோடு வரும் நோய். எனவே பழைய குளிசையும் பழைய பரிசோதனையும் ஏழைகளிடமே தங்கிவிடுகின்றன.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விரல்நுனி இரத்தத்தில் பார்க்கும் கருவியொன்றை அன்பளித்துப் படமெடுப்பது எளிது. ஒவ்வொரு தடவையும் அதற்கொரு பட்டி வேண்டும். பட்டி வாங்க ஆளில்லாத கருவி அலுமாரிக்கு அலங்காரம்.

நாம் கேட்கவேண்டியது அனுதாபத்தையல்ல, கணக்கை. மூன்று மாவட்டங்களிலும் எத்தனை பேர் வோர்ஃபரின் எடுக்கிறார்கள், எத்தனை பரிசோதனைகள் தவறின, எத்தனை துண்டுகள் வெளியே போயின என்று மாதந்தோறும் பதியுங்கள். பிரதேச வைத்தியசாலைகளுக்குக் கருவியும், ஆண்டுதோறும் பட்டிக்கான பணமும் ஒதுக்குங்கள். மாகாணமா, மத்தியா என்ற பழைய பந்தாட்டம் வேண்டாம். எண்ணப்படாத நோயாளி வரவுசெலவுத் திட்டத்தில் இருப்பதில்லை; மரணப் பதிவேட்டில் மட்டும் தவறாமல் இருப்பார்.