பேரைப் போடு, இல்லை பறையை இறக்கு

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் என்னிடம் ஐந்து சீட்டு எழுதித்தரச் சொன்னார்கள். சென்னையில் புதுசாகத் திறக்கிற ஒரு ஃபேஷன் துணிக்கடை. உள்ளே எல்லாம் உள்ளூர்க் கைவினையாம், சுற்றுச்சூழலைக் கெடுக்காத அலங்காரமாம். கூரைக்கு ஜவ்வாது மலை மூங்கில் தட்டி. மூலைக்கு மூலை கரிகிரி மண்ஜாடி. துணி மாட்டுகிற சுவர் முழுக்க ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். கல்லாவுக்கு மேலே ஏழு பறை. ஒவ்வொரு பறைக்குள்ளும் ஒரு மஞ்சள் பல்பு.

ஏழு பறையும் அணைக்கட்டில் எங்க பெரியப்பா கட்டியவை. வேப்பமரத் துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, காயவைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

"பறை. கட்டியவர் இன்னார், அணைக்கட்டு சேரி" என்று அவர் பேரோடு சீட்டு எழுதினேன். அச்சாகி வந்தபோது "நாட்டுப்புற இசைக்கருவி, வேலூர் மாவட்டம்" என்றிருந்தது. பறை என்ற சொல் இல்லை. பேர் இல்லை. சேரி இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "சார், கஸ்டமருங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க" என்றார் டிசைனர்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "இன்னாடா இது, பறைல பல்பா? நெருப்பு காட்டாத தோலு செத்த தோலுடா" என்றார். கொஞ்ச நேரம் குந்திகினு இருந்துவிட்டுக் கேட்டார்: "எம் பேரப் போட்டா அவங்க துணி நாறிப்பூடுமா?"

தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த அழகியலும் மேட்டிமை அழகியல்தான். நம் கை வேண்டும், ஆள் வேண்டாம். தோல் வேண்டும், தோலைத் தொட்டவன் வேண்டாம். தீண்டாமை தெருவிலிருந்து கடைக்குள் வந்து, விளக்கு போட்டுக்கொண்டு நிற்கிறது.

'நீடித்த வளர்ச்சி' என்று அந்தக் கடை வாசலில் எழுதப்போகிறார்களாம். அந்தச் சொல் இந்தியச் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா? எங்கள் பாலாற்றின் வழியாகத்தான் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீடித்த வளர்ச்சியும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. நான் அப்போது பால்வாடிப் பிள்ளை. எங்கப்பா ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் விரல் இடுக்குப் புண் ஆறுவதற்கு எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து கூலிக்கு வந்து அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அந்தச் சொல்லுக்கு இங்கே கொடுத்த விலை இது.

பட்டைத்தோல் பசுமையானது, குரோம் கிடையாது என்று வாதாடுவார்கள். குரோம் இல்லாதது நல்லதுதான். ஆனால் பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டாக வேண்டும். மயிர் கழிய சுண்ணாம்பு போட்டாக வேண்டும். பட்டைக் குழிக்குப் போகும் முன்னாலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். அதைச் சுத்தம் பண்ணாமல் 'இயற்கை' என்று சீட்டு ஒட்டினால் பாலாறு இனிக்காது.

சேரிப் பெயரைப் போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதும் பொய். மும்பையில் சுதீர் ராஜ்பர் 'சமார் ஸ்டுடியோ' என்றே பேர் வைத்தார். வசைச்சொல்லாக வீசப்பட்ட சாதிப்பெயரையே முகப்பில் எழுதினார். 2015-இல் மகாராஷ்டிரத்தின் மாட்டிறைச்சித் தடையால் பிழைப்பு போன தோல் தொழிலாளிகளோடு, பழைய ரப்பரில் பை செய்தார். அவருடைய நாற்காலிகள் 2024-இல் மியாமி வடிவமைப்புக் கண்காட்சி வரை போயின. மறுபக்கம் 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா கம்பெனி கோலாப்பூர் செருப்பு மாதிரியே காட்டியது, கோலாப்பூர் என்ற பேச்சே இல்லாமல். இங்கே கூச்சல் கிளம்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டது.

நம் தோழர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள்: "சாதித் தொழிலை விடச்சொன்னார் அம்பேத்கர். நீ பறைக்கும் தோலுக்கும் பேர் கேட்டுகினு அலையறியே?" நியாயமான கேள்வி. செத்த மாடு தூக்காதே என்று அவர் சொன்னது சரி. எங்க பெரியப்பா மகன் பறை கட்டத்தான் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அவன் டிசைனர் ஆகட்டும், அந்தக் கடைக்கே முதலாளி ஆகட்டும். ஆனால் நாம் விட்ட தொழிலை அவர்கள் எடுத்து அலங்காரமாக விற்கும்போது, செய்த கையின் பேரை அழிக்க யார் அதிகாரம் கொடுத்தது?

ஆகவே கடைக்காரர்களே, கைவினை வேண்டுமென்றால் மூன்று காரியம் செய்யுங்கள். செய்தவர் பேரையும் ஊரையும் சுவரில் எழுதுங்கள். பொருளுக்கு மட்டுமல்ல, வடிவத்துக்கும் விற்பனையில் பங்கு கொடுங்கள். விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிற எங்கள் பெண்களைக் கல்லாவிலும் உட்காரவையுங்கள்.

சீட்டு எழுதிய கூலியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பறை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. பேரைப் போடுங்கள். முடியாதென்றால் பல்பைக் கழற்றிவிட்டுப் பறையை இறக்கிக் கொடுங்கள். நெருப்பு காட்ட எங்களுக்குத் தெரியும்.