துப்பாக்கிக் கணக்கு அரசு ரகசியம் அல்ல

2017 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு செய்தியாளர் தகவல் கேட்டு மனு போட்டார். மனு போனது ஏடிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிமருந்துத் துறைக்கு. அவர் கேட்டது ஒரே ஒரு கணக்கு. முன்பு போலீஸ் கையில் இருந்த துப்பாக்கிகளில் எத்தனை, 2006க்குப் பிறகு குற்ற விசாரணைகளில் சிக்கியிருக்கின்றன? யாருடைய துப்பாக்கி, எந்த வழக்கு, துப்புக் கொடுத்தது யார் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஆண்டுவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும் என்றார். துறை மறுத்தது. இருபது வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அந்நாட்டின் தகவல் சுதந்திரச் சட்டம். அந்தக் கணக்கு முழுமையாக மக்கள் பார்வைக்கு வந்தது 2024 மே மாதம்.

இந்த ஏழு ஆண்டு இழுத்தடிப்புக்குத் துணை நின்றது ஒரு நம்பிக்கை. ஆயுதம் சம்பந்தப்பட்ட எதையும் அரசு வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் குற்றவாளிக்கு வசதியாகிவிடும், கேட்கிறவருக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்பதே அது. வாஷிங்டன் அதிகாரிகள் மட்டும் இப்படி நினைப்பதில்லை. நம் ஊரில் நன்கு படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். “எல்லாத்தையும் கேட்டா எப்படிங்க, பாதுகாப்பு விஷயமாச்சே” என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. இந்த நம்பிக்கை தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு என்றும் சொல்வேன்.

முதலில், அந்த மனுவில் கேட்கப்பட்ட தகவல் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்க்கில் ஏடிஎஃப்பின் துப்பாக்கித் தடமறியும் மையம் உள்ளது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் அதன் வரிசை எண் அங்கே போகும். ஊழியர்கள் முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள். கம்பெனி மொத்த வியாபாரியைக் கைகாட்டும், அவர் சில்லறைக் கடையைக் கைகாட்டுவார், கடைக்காரர் பதிவேட்டைப் புரட்டி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். கடை மூடிப்போயிருந்தால் அதன் பதிவேடுகள் அட்டைப் பெட்டிகளில் மார்டின்ஸ்பர்க்குக்கே வந்து சேர்ந்திருக்கும். பெயரைத் தட்டினால் திரையில் வந்து நிற்கும் பட்டியல் கிடையாது. துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியல் ஒன்று உருவாவதையே 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஓர் ஊழியர் உட்கார்ந்து அவற்றைக் கண்ணால் பார்த்துத் தேட வேண்டும். இப்படித் தேடி முடித்த ஒவ்வொரு துப்பாக்கியின் விவரமும் தனியே கணினியில் ஏறுகிறது. அந்தத் தொகுப்பில் போலீஸ் துறைகளுக்குச் சொந்தமாக இருந்தவற்றை எண்ணிச் சொல்லுங்கள் என்பதே மனு.

மறுப்புக்குத் துறை இரண்டு காரணம் சொன்னது. எண்ணிச் சொல்வது புதிய ஆவணம் தயாரிப்பதற்குச் சமம், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது ஒன்று. இன்னொன்று கன்சாஸ் மாநிலத்தின் அன்றைய எம்.பி. டாட் டீஹார்ட் பெயரால் அறியப்படும் திருத்தம். தடமறிந்த விவரங்களை வெளியிட ஏடிஎஃப் தன் நிதியைச் செலவிடக் கூடாது என்று 2003இல் நிதி மசோதாவில் சேர்க்கப்பட்ட வரிகள் அவை. விசாரணைகளுக்கும் மாறுவேடத்தில் இருக்கும் காவலர்களுக்கும் ஆபத்து வரக் கூடாது என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியைப் பற்றி, நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டால் அந்த நியாயத்தை நானும் ஏற்பேன். ஆண்டுக்கு ஒரு கூட்டுத்தொகையைச் சொன்னால் எந்த மாறுவேடக் காவலர் மாட்டிக்கொள்வார்?

அந்தச் செய்தியாளர் சார்ந்திருந்த கலிபோர்னியாவின் புலனாய்வுச் செய்தி மையம் வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் தோற்றது. 2020 டிசம்பரில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. கணினித் தொகுப்பில் தேடிப் பிரித்தெடுப்பது புதிய ஆவணம் தயாரிப்பதாகாது என்றது. 2009க்குப் பிறகு நிறைவேறும் சட்டம் எதுவானாலும், தகவல் சுதந்திரச் சட்டத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டால்தான் அதன் பேரில் தகவலை மறுக்க முடியும், டீஹார்ட் வரிகளில் அப்படிக் குறிப்பு இல்லை என்றும் சொன்னது. அதே மாதத்தில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடும் இன்னொரு அமைப்பின் வழக்கில் நியூயார்க்கில் உள்ள இரண்டாவது வட்ட நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. ஒரே சட்டத்தின் கீழ் ஒரு கடற்கரையில் கிடைக்கும் தகவல் மறு கடற்கரையில் கிடைக்காது.

கடைசியில் கணக்கு வந்தது. தி டிரேஸ், சிபிஎஸ் நியூஸ், ரிவீல் ஆகிய மூன்று செய்தி ஊடகங்களும் சேர்ந்து அதை வெளியிட்டன. 2006 முதல் குறைந்தது 52,529 போலீஸ் துப்பாக்கிகள் குற்ற விசாரணைகளில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் திருடு போனவையும் தொலைந்தவையும் உண்டு. தடமறியப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கியாலும் ஒருவர் சுடப்பட்டார் என்று பொருளில்லை. ஆனால் அவற்றில் பல, போலீஸ் துறைகளே கடைக்காரர்களிடம் எக்ஸ்சேஞ்சில் போட்டவை. பழையதைக் கொடுத்துக் கழிவு வாங்கிக்கொண்டு புதிய மாடல் எடுக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. கடைக்காரர் அந்தப் பழையதைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார். செய்தியாளர்கள் விசாரித்தபோது பதில் சொன்ன துறைகளில் சுமார் பத்துக்கு ஒன்பது, இப்படி விற்றதாக ஒப்புக்கொண்டன. வாங்கியதும் விற்றதும் மக்கள் வரிப்பணத்தைக் கையாளும் துறைகள். தெருவில் துப்பாக்கிகளைக் குறைக்க வேண்டும் என்று மேடையில் பேசும் போலீஸ் தலைமை, தன் கையாலேயே சந்தைக்குத் துப்பாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த எண்ணை வெளியிட்டதால் எந்தக் குற்றவாளிக்கு என்ன லாபம் கிடைத்தது? மறைத்து வைத்ததால் லாபம் அடைந்தவர்களைச் சொல்ல முடியும். கணக்குக் காட்டாமல் தப்பித்த அதிகாரிகள், விற்றுக்கொண்டிருந்த துறைகள், வாங்கி விற்ற கடைகள்.

ரகசியம் ஆயுதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் என்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். ராணுவத்தில் மிஞ்சிய தளவாடங்களைப் போலீசுக்கு இலவசமாகக் கொடுக்கும் 1033 என்ற திட்டம் 1990களிலிருந்து நடக்கிறது. பெறும் துறை போக்குவரத்துச் செலவை ஏற்றால் போதும். 2014 ஆகஸ்டில் மிசௌரியின் ஃபெர்குசன் ஊரில், போலீஸ் சுட்டு ஓர் இளைஞர் இறந்த பிறகு, கவச வண்டிகளும் குறிபார்த்த ரைஃபிள்களுமாகப் போலீஸ் தெருவில் நின்ற காட்சியை உலகமே பார்த்தது. எந்த ஊருக்கு என்ன போயிருக்கிறது என்று செய்தியாளர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக் கல்வி மாவட்டத்தின் போலீஸ் பிரிவிடம் மூன்று கையெறிகுண்டு ஏவிகள், 61 எம்-16 ரைஃபிள்கள், கண்ணிவெடிக்கும் அசையாத கவச வண்டி ஒன்று இருந்தது தெரியவந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அதுவரை அறியாத செய்தி அது. எதிர்ப்பு எழுந்தபின் ஏவிகளும் வண்டியும் திரும்பிப் போயின. பட்டியல் வெளிவராமல் இருந்திருந்தால் அவை அங்கேயே இருந்திருக்கும்.

2017இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ இதே திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. இல்லாத ஒரு துறையை உருவாக்கி, அதன் பெயரில் விண்ணப்பித்தது. யாரும் நேரில் வந்து விசாரிக்கவில்லை, மின்னஞ்சலிலேயே அனுமதி கிடைத்தது. இரவுக்காட்சிக் கண்ணாடிகள், பயிற்சிக்கான எம்-16 மாதிரிகள் என நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் வந்து சேர்ந்தன. மொத்த மதிப்பு சுமார் 12 லட்சம் டாலர். பொருளை எடுத்துக்கொண்ட மூன்று கிடங்குகளில் இரண்டில் அடையாள அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. கேட்பவர் யார் என்று குடிமகனைச் சந்தேகிக்கும் அரசு, ஆயுதம் கேட்டு வந்தவரைச் சந்தேகிக்கவில்லை.

கேட்பவர்களுக்கு உள்நோக்கம் உண்டு என்ற பேச்சும் நிற்காது. 2009 முதல் 2011 வரை ஏடிஎஃப்பின் பீனிக்ஸ் கிளை, கடத்தல் கும்பலின் மேல்மட்டத்தைப் பிடிக்கப்போவதாகச் சொல்லி, சந்தேகத்துக்குரியவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் துப்பாக்கிகளை வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் என்பது அந்த நடவடிக்கையின் பெயர். 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன. அப்படித் துப்பாக்கிகளைப் போக விடவில்லை என்று 2011 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நீதித்துறை நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. டிசம்பரில் அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற்றது. அந்த ஆவணங்களுக்காகத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒபாமா அரசுமீது வழக்குப் போட்டது ஜூடிஷியல் வாட்ச் என்ற வலதுசாரி அமைப்பு. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும், அந்த அரசை வெறுத்தவர்களும் ஒரே சட்டத்தைத்தான் நாடினார்கள், ஒரே மறுப்பைத்தான் சந்தித்தார்கள். கேட்டவரின் கட்சி எதுவாக இருந்தால் என்ன? கேள்வி சரியானதா என்பதே விஷயம்.

உண்மையிலேயே மறைக்க வேண்டியவை உண்டு. துப்புக் கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால் அவர் உயிர் போகும். அதற்காகத்தான் 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்திலேயே ஒன்பது விதிவிலக்குகள் இருக்கின்றன. நாட்டுப் பாதுகாப்பு, நடப்பு விசாரணை, தனிமனித உயிர் எல்லாம் அவற்றில் அடங்கும். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 8ஆம் பிரிவில் இப்படித்தான் வேலி போட்டிருக்கிறது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் 24ஆம் பிரிவுகூட, ஊழல் புகாரும் மனித உரிமை மீறல் புகாரும் அந்த விலக்கில் அடங்காது என்கிறது. எதை மறைக்கலாம் என்பதைச் சட்டம் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கும்போது, ஆயுதம் என்ற சொல் வந்ததுமே முழுக் கோப்பையும் மூடுவது சட்டத்தை மீறுவதாகும்.

அமெரிக்காவில் டீஹார்ட் வரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எண்ணிக்கை விவரங்களுக்கு அவை பொருந்தாது என்று இன்னொரு வரியை நிதி மசோதாவில் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். போலீஸ் துப்பாக்கிகள் எத்தனை குற்ற விசாரணையில் சிக்கின என்ற எண்ணை ஏடிஎஃப் ஒவ்வோர் ஆண்டும், யாரும் மனுப் போடாமலே வெளியிட வேண்டும். ஒவ்வொரு போலீஸ் துறையும் தான் விற்ற துப்பாக்கிகள் எத்தனை, எந்தக் கடைக்கு, என்ன விலைக்கு என்று தன் ஊர் மன்றத்தில் பட்டியல் வைக்க வேண்டும். அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டு மனு போடுகிறவர்களை நாட்டுக்கு எதிரிகள் என்று பேசுவதை நிறுத்த வேண்டும்.