பாதி உறக்கம்

தூத்துக்குடியில் என் அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்குப் படகு கிளம்புவதால், மூன்று மணிக்கே இவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும். இரவு அவர் கரை திரும்பிச் சாப்பிட்டு, இவள் பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று. பகலில் சற்றுத் தலையைச் சாய்த்தாலோ, “பொம்பளைக்குப் பகல்ல என்ன உறக்கம்?” என்று மாமியாரின் குரல்!

“நான் சோம்பேறியா, நீங்களே சொல்லுங்கக்கா” என்று வழக்கை என்னிடம் கொண்டு வந்துவிட்டாள்.

தீர்ப்புச் சொல்ல நான் யார்? விஞ்ஞானிகளைச் சாட்சிக்கு அழைத்தேன்.

முதல் உலக யுத்த காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விசித்திர மூளைக் காய்ச்சல் பரவியது. சிலர் ஓயாமல் தூங்கினார்கள். சிலர் தூக்கமே வராமல் தவித்தார்கள். வியன்னாவில் வான் எகனாமோ என்ற டாக்டர், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. தூங்காதவர்களுக்கு அதன் முன்புறம் கெட்டிருந்தது. தூங்கி வழிந்தவர்களுக்குப் பின்புறம். பிற்காலத்தில், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் வேலாயுதன் மோகன்குமார் குழுவினர் எலிகளுக்கு அந்த முன்புறத்துச் செல்களை அழித்துப் பார்த்தார்கள். எலிகளின் தூக்கம் குறைந்து போயிற்று. 1996-இல் அமெரிக்காவில் கிளிஃபர்ட் சேப்பர் குழுவினர் கண்டது இன்னும் வேடிக்கை: அங்கேயுள்ள சில செல்கள் நாம் தூங்கும்போதுதான் மும்முரமாக வேலை செய்கின்றன! நம்மை விழிக்க வைக்கும் செல்களை அடக்கி வைப்பதே அவற்றின் உத்தியோகம்.

விழித்திருக்க விழித்திருக்க, அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்து, தூங்கு தூங்கு என்று நெருக்குகிறது. நாம் குடிக்கும் காப்பி இந்தக் கடனை அடைப்பதில்லை. கடன்காரன் கதவைத் தட்டும் சத்தம் கேட்காமல் சற்று நேரம் காதைப் பொத்துகிறது, அவ்வளவுதான்.

வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்கள் கணக்கு. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கிடைப்பது நான்கு. பாக்கி மூன்று மணியை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைச் சொன்னதும் மாமியார் விட்டாரா? “யானை எவ்வளவு உறங்குது?” என்று மடக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா காட்டில் இரண்டு பெண் யானைகளைக் கவனித்து 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாளுக்குச் சராசரி இரண்டே மணி நேரம்! ஆனால் யானையின் அளவு யானைக்கு. ஒவ்வொரு ஜீவனுக்கும் மூளை தனித்தனியாகப் படியளக்கிறது. ஜப்பானில் யானகிசாவா குழுவினர் ஒரே ஒரு மரபணு மாறிய எலிகளைக் கண்டார்கள். அவை மற்ற எலிகளைவிட வெகுநேரம் தூங்கின. அவற்றைச் சோம்பேறி என்று திட்டி என்ன பிரயோஜனம்?

இந்தக் கடலிலேயே ஓங்கல் இருக்கிறதே, அது மூச்சு விட அடிக்கடி மேலே வர வேண்டிய பிராணி. முழுக்கத் தூங்கினால் ஆபத்து. ஆகவே மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கிறது. பிறகு முறை மாற்றிக்கொள்கின்றன.

“நானும் அப்படித்தான் அக்கா. உறங்கும்போதும் ஒரு காது வாசல்லேயே இருக்கும். காத்து பலமா அடிச்சா அதுவும் போச்சு” என்றாள் அந்தப் பெண்.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கணவரும் கடலுக்குப் போனவர்தாம். பிறகு, “மத்தியானம் நான் வாசல்ல இருக்கேன். நீ உள்ளே போய்ப் படு” என்றார்.