மான் மேயும் ரோஜாத் தோட்டம்: காப்பீட்டை நம்பலாமா, வேலியை நம்பலாமா?

இளம்பிள்ளையில் நெய்யும் சேலை ஊரெல்லாம் போகிறது. உடுத்திப் பழசான சேலையை வயலைச் சுற்றிக் கட்டி, பன்றியையும் மானையும் தடுக்கப் பார்ப்பது தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் செய்வதுதான். சோளத்துக்கும் கடலைக்கும் செய்யும் இந்தக் காவல் ரோஜாவுக்குப் போதுமா?

ரோஜாவில் மான் தேடுவது இளந்தளிரும் மொட்டும்தான். விற்பனைக்குப் போக வேண்டியதும் அந்த மொட்டுதான். ஒரே இரவில் தளிரை மேய்ந்துவிட்டால் செடி சாகாது; ஆனால் மறுபடி தளிர்த்துப் பூக்கச் சுமார் ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை உரச்செலவு, ஆள்கூலி எல்லாம் கைக்காசு.

காப்பீட்டில் புதிதாக என்ன?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச்சேதத்தையும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் இது நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடம் பதிவான புகைப்படத்துடன் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் தெரிவிக்க வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசுதான் அறிவிக்கும்.

நல்ல செய்திதான். ஆனால் ரோஜா விவசாயிக்கு இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, காப்பீடு அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கு மட்டுமே. உங்கள் பிர்க்காவில் ரோஜா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இரண்டு, நெல்லைப் போல ரோஜா ஒரே அறுவடை இல்லை. தினமும் பறிப்பதால் இழப்பும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். அதனால் பறித்த எடையை நோட்டில் எழுதுங்கள், பூ மண்டிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காப்பீடு கிடைக்காவிட்டாலும் வனத்துறையிடம் இழப்பீட்டு மனு கொடுக்க அந்தக் கணக்கு உதவும்.

சுடவும் முடியாது, ஷாக் வைக்கவும் கூடாது

காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. மானுக்கு அது பொருந்தாது. புள்ளிமான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. கண்ணி வைத்தாலும் சிறைதான்.

கரண்ட் லைனிலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பதை நினைக்கவே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. மடை திருப்பப் போகிற நம் வீட்டு ஆளும் அதில் சிக்கலாம். அதே ஆண்டு வந்த விதிகளின்படி, காப்புக்காட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் மின்வேலி அமைக்க வனத்துறை அனுமதி வேண்டும். விட்டு விட்டு லேசான அதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலிதான் பாதுகாப்பானது. இதற்கு மானியம் தரும் திட்டம் வேளாண் பொறியியல் துறையில் உண்டு; இந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வேலிக் கணக்கு

சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்றி வர சுமார் 255 மீட்டர் வேலி தேவை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நால்வர் தனித்தனியே போட்டால் 1,020 மீட்டர். நான்கு ஏக்கரையும் சேர்த்துச் சுற்றினால் 510 மீட்டர்தான். செலவு பாதி. வரப்புத் தகராறை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினால் எல்லோருக்கும் லாபம்.

உயரம் 7 அடிக்குக் குறைந்தால் மான் தாண்டிவிடும். அடியில் சந்து இருந்தால் நுழைந்துவிடும். முதலில் அதை அடையுங்கள். உயரமான வேலிக்கு வசதி இல்லையென்றால், நான்கைந்து அடி இடைவெளியில் இரண்டு குட்டை வேலி போடலாம். எங்கே குதித்து இறங்குவது என்று தெரியாமல் மான் தயங்கும். சேலை வேலியும் அப்படித்தான், மறைப்பதால் தடுக்கிறது. ஆனால் மான் சீக்கிரம் பழகிவிடும், மழையிலும் காற்றிலும் கிழிந்தும் போகும். அவசரத்துக்குத்தான் ஆகும். நம் பகுதியில் பழகிய கிளுவை வேலியை இப்போதே நட்டு அடர்த்தியாக்கினால், சில ஆண்டுகளில் நிரந்தரக் காவல்.

எப்போது காவல்?

கவாத்து செய்த முதல் 45 நாள்தான் ஆபத்தானது. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்தை முடித்துவிடுங்கள். மழை பெய்து காட்டில் புல் இருக்கும் காலம் அது. மார்ச் முதல் மே வரை சுற்றிலும் காய்ந்திருக்க, சொட்டுநீரில் உங்கள் தோட்டம் மட்டும் பச்சையாக இருந்தால் மான் அங்கேதான் வரும். காசையும் காவலையும் இந்த இரண்டு காலத்துக்கு ஒதுக்குங்கள்.

மீன் அமிலம், அழுகிய முட்டைக் கரைசல் ஆகியவற்றின் வாடைக்கு மான் ஒதுங்கும். ஆனால் ரோஜா சாமிக்கும் தலைக்கும் போகிற பூ. பூவில் வாடை ஏறினால் மண்டியில் விலை போகாது. கவாத்துக்குப் பின் மொட்டு வரும்வரை செடியில் தெளிக்கலாம். அதன்பிறகு துணியில் நனைத்து வேலியோரம் மட்டும் கட்டுங்கள். மழை பெய்தால் திரும்ப நனைக்க வேண்டும்.

மேய்ந்தது மான்தானா என்பதையும் உறுதி செய்யுங்கள். தண்டு கத்தியால் சீவியது போல் இருந்தால் முயல். பிய்த்தது போல் இருந்தால் மான் அல்லது ஆடு. குளம்புத் தடத்தையும் புழுக்கையையும் காலையிலேயே படம் எடுத்து வையுங்கள். 72 மணி நேரக் கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.