ஊர்ப் பெயர் நம்முடையது, அணி யாருடையது?

“ஏல, தூத்துக்குடிக்காரனுக்கு வந்த கதி நமக்கும் வருமோ?”

தாழையூத்து டீக்கடையிலும், விக்கிரமசிங்கபுரம் மில் வாசலிலும், சேரன்மகாதேவி வரப்பிலும் இளவட்டங்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். விஷயம் கிரிக்கெட். நெல்லை ராயல் கிங்ஸ் அணி நெல்லையிலேயே இருக்குமா, அல்லது ஒரு நாள் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் வேறோர் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு நிற்குமா என்பது அவர்களுடைய கவலை.

அணி போகப் போகிறது என்று நாம் வதந்தி கிளப்பவில்லை. ஆனால், “கூலிக்கு வழியைக் காணோம், கிரிக்கெட்டு ஒரு கேடா?” என்று கேட்டவனை விரட்டுகிற பெரிய மனிதர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. நம் தோழர்களிலேயே சிலர் இப்படிப் பேசுவதுண்டு. எட்டு மணி நேரம் நூற்பு மிஷினோடு நின்றவனும், இடுப்பொடிய நாற்று நட்டவளும், பொழுது சாய்ந்த பிறகு எதைப் பார்த்துக் கை தட்ட வேண்டும் என்று உத்தரவு போட நாம் யார்? அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியின் கதை

2016ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு பிரிமியர் லீக் என்ற பந்தயத்தை ஆரம்பித்தது. எட்டு ஊர்களின் பெயரில் எட்டு அணிகள். பெயரைக் கொடுத்தது ஊர். உரிமையை வாங்கியது பணமூட்டை.

முதல் வருஷமே கோப்பையை வென்றது யார்? தூத்துக்குடி அணி! இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணியை 122 ரன் வித்தியாசத்தில் முறியடித்தது. மறு வருஷம், 2017லும் இறுதி ஆட்டம் வரை சென்றது. உப்பளத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். பட்டணத்தானை நம்ம ஊர் ஜெயித்துவிட்டதென்று பெருமைப்பட்டார்கள். இத்தனைக்கும் அந்த அணி தூத்துக்குடி மண்ணில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட்டங்களெல்லாம் சேப்பாக்கம், நத்தம், நம் தாழையூத்து ஆகிய மூன்று மைதானங்களில்தான். ஊரைப் பார்க்காமலே ஊர்ப் பெயரைச் சுமந்த அணி அது.

2020ல் கொள்ளைநோயால் பந்தயம் இல்லை. 2021ல் பந்தயம் மறுபடி நடந்தபோது தூத்துக்குடியைக் காணோம். உரிமை கைமாறி, அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. முதல் சாம்பியன் என்ற பட்டமும் அந்தப் பெயரும் பழைய காகிதத்தோடு போயின. உப்பளத்தில் கால் வெடித்து நிற்கிற ஜனங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. சந்தையில் மாடு கைமாறும்போது தொழுவத்தைக் கேட்பதில்லை அல்லவா!

காரைக்குடிக்கும் அதே கதி. அதன் காளை திருப்பூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டது. அந்தத் திருப்பூர் அணிதான் 2025 ஜூலையில் திண்டுக்கல்லை வென்று கோப்பையைத் தூக்கியது. காரைக்குடியில் அன்று சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியாமல் எத்தனை பேர் டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தார்களோ!

காஞ்சிபுரத்தின் கதை இன்னும் விசித்திரம். 2018ல் அங்கிருந்த அணி திருச்சிக்குப் போனது. அதே வருஷம் திருவள்ளூர் அணி காஞ்சி என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பந்தயங்கள் முடிந்தன. உரிமையாளராக இருந்த முன்னாள் இந்திய ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர் 2019 ஆகஸ்டில் இறந்தார். அணி மீண்டும் கைமாறி, மீண்டும் பெயர் மாறியது. இப்போது அதன் பெயர் என்ன தெரியுமா?

நெல்லை ராயல் கிங்ஸ்!

ஆம் தோழர்களே, “நம்ம டீமு” என்று நாம் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அது காஞ்சியிலும் திருவள்ளூரிலும் பறித்த நாற்று. 2016ல் இருந்த எட்டு ஊர்களில் தூத்துக்குடி, காரைக்குடி, திருவள்ளூர், காஞ்சி ஆகிய நான்கு பெயர்கள் 2025ன் பட்டியலில் இல்லை. பாதிக்குப் பாதி! இதற்குப் பிறகும் நெல்லை இளைஞன் கவலைப்படக் கூடாது என்றால் எப்படி?

இதனால் சேலத்தான் மீதோ திருப்பூரான் மீதோ நமக்குக் கோபம் இல்லை. திருப்பூர் பனியன் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை கை தட்டியதில் என்ன குற்றம்? நாளை அவனுடைய அணியையும் கொண்டுபோனால் அவனும் நம்மைப் போல்தான் வாய் பிளந்து நிற்பான்.

“எங்கள் பணம், எங்கள் அணி”

கனவான்கள் சொல்லும் சமாதானம் நமக்குத் தெரியும். “நாங்கள் பணம் போட்டோம். லாபம் வரும் ஊருக்குப் போகிறோம். சின்ன ஊரில் விளம்பரம் கிடைக்காது, வசூல் ஆகாது. இதில் உங்களுக்கென்ன பாத்தியதை?”

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நாம் ஒன்று கேட்கிறோம். அணி உங்கள் சொத்து என்றால் உங்கள் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதுதானே? ஊர்ப் பெயர் எதற்கு? இன்ன பிரைவேட் லிமிடெட்டும் இன்ன அண்டு சன்ஸும் மோதுகின்றன என்று போஸ்டர் ஒட்டிப் பாருங்கள், ஒரு குஞ்சு குருவி வந்து எட்டிப் பார்க்குமா?

பார்க்காது. அது அவர்களுக்கும் தெரியும். ஊர்ப் பெயரில்தான் சத்து இருக்கிறது. அந்தப் பெயருக்கு மதிப்பை உண்டாக்கியது யார்? 2022 ஜூனில் தாழையூத்தில் முதல் ஆட்டம். சேப்பாக்கத்தோடு சமநிலை, பிறகு சூப்பர் ஓவரில் நெல்லைக்கு வெற்றி. அதற்கு முந்தைய வருஷம் நோய்க் கட்டுப்பாட்டால் எல்லா ஆட்டங்களும் சேப்பாக்கத்திலேயே நடந்துவிட்டதால், நெல்லை மண்ணில் நெல்லை அணி என்ற பெயரைக் கேட்டு ஜனங்கள் கத்தியது அன்றுதான் முதல் தடவை. 2023ல் இறுதி ஆட்டமே இங்கு நடந்தது. கோவையிடம் 104 ரன்னில் படுதோல்வி! தோற்ற பிறகும் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று சொன்னவர்கள் எந்தப் பங்குப் பத்திரத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள்? ஜனங்களின் இந்த ஆசையும் ரோஷமும் விசுவாசமும் கணக்குப் புத்தகத்தில் மூலதனமாக ஏறவில்லை. ஆனால் விளம்பரக்காரனிடம் விலை பேசும்போது விற்கப்படுவது இதுதான்.

வாரத்துக்கு உழுதவனுக்கு இது புதிதா? புறம்போக்கைத் திருத்தி, கல் பொறுக்கி, வண்டல் அடித்து நிலத்தைப் பண்படுத்துகிறான். நிலம் பண்பட்டதும் ஜமீன்தார் வந்து, “இறங்கு, வேறு ஆளுக்கு விட்டாச்சு” என்கிறான். வயலில் நடந்தது இப்போது மைதானத்தில் நடக்கிறது.

மைதானத்தின் சாவி

சரி, அணிதான் ஓடும்; மைதானம் ஓடாதே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல வாதம். ஆனால் அந்த மைதானம் யாருடையது? சங்கர்நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். 1949ல் அங்கே ஆலை ஓடத் தொடங்கியது. சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி, தூசியைச் சுவாசித்து மூன்று தலைமுறைத் தொழிலாளிகள் வளர்த்த கம்பெனி அது. 2008ல் இந்தக் கம்பெனிதான் சென்னை ஐ.பி.எல். அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. பின்னால் அந்த அணி தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸே பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் கம்பெனி வசமாயிற்று. ஆலையே ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாறும்போது, அதன் மைதானத்தில் ஆடும் அணி மட்டும் நிரந்தரம் என்று யார் ஜாமீன் கொடுப்பது?

மலையிலும் ஒரு கதை இருக்கிறது. தாமிரபரணிக்காரன் இதை மறக்கக் கூடாது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ல் 99 வருஷக் குத்தகைக்கு மாஞ்சோலைக் காட்டைப் பெற்றது பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி. அந்தத் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காக 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. ஆற்றில் 17 உயிர்கள் போயின. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும், 2024லேயே விருப்ப ஓய்வுத் தாளை நீட்டி, தொழிலாளரை மலையை விட்டு இறங்கச் சொன்னது கம்பெனி. நாலு தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களின் விருப்பம் என்ன என்பதை அந்தத் தாளில் எந்த வரியில் எழுதியிருந்தார்களோ! இந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் நெஸ் வாடியா. பஞ்சாப் ஐ.பி.எல். அணியின் பங்காளிகளில் ஒருவரும் அதே நெஸ் வாடியாதான். மொஹாலியைச் சொந்த ஊர் என்று சொன்ன அந்த அணி தர்மசாலாவிலும் இந்தூரிலும் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை ஆடியது. 2024ல் முல்லன்பூருக்குக் குடிபோனது. இரண்டு இடத்திலும் சட்டப்படியேதான் எல்லாம் நடந்திருக்கும், நாம் மறுக்கவில்லை. மாஞ்சோலையில் பிறந்தவனுக்கும் மொஹாலி ரசிகனுக்கும் முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி இல்லை என்பதை மட்டும் சொல்கிறோம். அணி போனால் மனம் நோகும். வீடு போனால் உலை கொதிக்காது. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல மாட்டோம். இரண்டையும் செய்கிற கை மட்டும் ஒன்றுதான்.

கடல் கடந்த சங்கதிகள்

டாலர் தேசத்திலும் இதே கூத்துதான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி உழைப்பாளிகள் உயிரையே வைத்திருந்த பேஸ்பால் அணி டாட்ஜர்ஸ். 1955ல் சாம்பியன் ஆயிற்று. 1957 பந்தயம் முடிந்ததும் முதலாளி அதை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஸ்டேடியம் எழும்பிய நிலம் எது? மெக்சிகோ வம்சாவளி ஏழைகள் குடியிருந்த குன்று. கடைசிக் குடும்பங்களை 1959ல் போலீஸ் இழுத்து வெளியே போட்டது. ஓர் ஊரின் அணியைப் பறித்து, இன்னோர் ஊர் ஏழையின் வீட்டு மேல் கொட்டகை போட்டார்கள்.

இங்கிலாந்தில் லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணியை வெகு தூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக 2002ல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. சில வாரங்களில் சொந்த அணியொன்றை ஆரம்பித்தார்கள். திறந்த புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமட்டப் பந்தயத்தில் நுழைந்து, படிப்படியாக ஏறி, 2011ல் ஃபுட்பால் லீக்கில் இடம் பிடித்தார்கள். உரிமை ரசிகர்களின் சங்கத்திடம்.

அமெரிக்காவிலேயே கிரீன் பே என்ற சிற்றூரின் கால்பந்து அணி 1923 முதல் ஊர்ஜனங்களின் பங்கில் நடக்கிறது. பங்குக்கு லாபம் கிடையாது. அணி ஊரை விட்டு நகரவும் இல்லை. இதைப் பார்த்த முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேறெந்த அணியும் இப்படி நடக்கக் கூடாது என்று லீக்கிலே விதி போட்டுவிட்டார்கள்! முதலாளி எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்துகொள்ள அவன் போடும் விதிகளைப் படித்தால் போதும்.

நாம் கேட்க வேண்டியது

விளையாட்டு நமக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று மிஷினை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச்சில் ஹார்வி துரைமார் பணிந்தார்கள். கூலி உயர்வோடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. ஞாயிறு இல்லாதவனுக்கு ஆட்டம் ஏது, அணி ஏது? இன்று கான்ட்ராக்ட் முறையில் அந்த ஞாயிறே கரைந்துகொண்டிருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஆகவே நெல்லை இளைஞர்களே, முதலாளியிடம் “போகாதீர்கள் சாமி” என்று மனுக் கொடுப்பதால் ஆவது ஒன்றுமில்லை. கிரிக்கெட் சங்கத்திடம் போங்கள். ஊர்ப் பெயரில் உரிமை விற்கும்போது, ஊர்ஜனங்களைக் கேட்காமல் அந்தப் பெயரை நீக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். ரசிகர் சங்கத்துக்கும் ஒரு பங்கு கேளுங்கள். நூறு ரூபாய்ப் பங்கானாலும் பரவாயில்லை. நிர்வாகத்தில் ஓர் இடம் கேளுங்கள். ஜில்லாவின் ஆட்டக்காரர் இத்தனை பேர் அணியில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஏலத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு 2023ல் 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், அவரும் உழைத்துத்தான் சம்பாதிக்கிறார். அம்பாசமுத்திரம் பையனுக்கு ஒரு நல்ல பந்தும், வலை கட்டிய ஆடுதளமும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் கொடுக்க அதே சங்கத்துக்கு என்ன தடை?

முதல் மனுவைத் தாழையூத்து ஆலை வாசலிலேயே கொடுக்கலாம். லீக் ஆட்டம் நடக்கிற சில ராத்திரிகள் தவிர வருஷத்தின் மற்ற நாட்களில், ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரன் பிள்ளையும் அந்த மைதானத்தில் கால் வைக்கலாமா, கூடாதா? புதிய நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லட்டும்.